பாக்கி எவ்வளவு, அத்தை?

எங்கள் ஊருக்குப் பெயர் பிரம்மதேசம்.

"எந்தப் பிரம்மதேசம்?" என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்று இருக்கிறது. செய்யாறு பக்கம் ஒன்று இருக்கிறது. சரி, விழுப்புரம் மாவட்டம் என்று சொல்லித் தப்பிக்கலாமா என்றால் அதுவும் முடியாது. எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில், சோழர் கல்வெட்டெல்லாம் வைத்துக்கொண்டு பெரிய மனுஷத் தோரணையில் இன்னொரு பிரம்மதேசம் உட்கார்ந்திருக்கிறது. எங்களுடையது திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் இருப்பது. உப்புக் காற்று வந்து சைக்கிள் செயினைத் தின்கிற ஊர்.

என் கல்யாணத்துக்குப் பெண் வீட்டு மாமா ஒருவர் அந்த எண்ணாயிரம் பிரம்மதேசத்துக்குப் போய் இறங்கிவிட்டார். அங்கேயும் அன்றைக்கு ஒரு கல்யாணம். மொய் எழுதி, பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையோடு வெளியே வரும்போதுதான் போஸ்டரில் மாப்பிள்ளை மீசை வைத்திருப்பதைக் கவனித்திருக்கிறார். (எனக்கு மீசை ஒத்துவராது.) அந்த 501 ரூபாய் மொய் இன்றைக்கு வரை எனக்கு வந்து சேரவில்லை.

பெயர் ஒன்று, ஊர் பல. ஆனால் ஒரு பிரம்மதேசத்தில் மழை பெய்தால் இன்னொரு பிரம்மதேசம் நனைவதில்லை.

இந்தச் சின்ன விஷயத்துக்குள் ஒரு பெரிய கம்ப்யூட்டர் தத்துவம் இருக்கிறது என்று போன பொங்கலுக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. பதினைந்து வருஷத்துக்கு முந்தின ஒரு எண்ணூறு ரூபாயையும் அது தோண்டி எடுத்துவிட்டது.

*

அக்கா மகள் சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பொங்கல் லீவுக்கு வந்தவள் திண்ணையில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன பாப்பா, ப்ரோகிராமா?"

"ஆமா மாமா. எர்லாங்."

"எனக்கும் கொஞ்சம் தெரியும். திண்டிவனத்துல ஆறு மாசக் கோர்ஸ் போயிருக்கேன். எக்ஸ் சமம் எக்ஸ் பிளஸ் ஒன்!"

சொல்லும்போதே பழைய வலி ஒன்று ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் சொன்னது: "எக்ஸ் சமம் எக்ஸ் பிளஸ் ஒன்னு எவனாவது எழுதினா, ரெண்டு பக்கமும் எக்ஸைக் கழி. பூஜ்யம் சமம் ஒண்ணுன்னு வரும். அப்படி எழுதினவனுக்கும் மார்க் பூஜ்யம்தான்." அன்றைக்கே சாயந்திரம் கம்ப்யூட்டர் சார் அதே வரியைப் போர்டில் எழுதி, "இது எவ்வளவு அருமையான வரி தெரியுமா?" என்றார். ஒரே நாளில் இரண்டு பேருக்கும் தலையாட்டியவன் நான். பிற்காலத்தில் ஆபீஸ் வேலைக்குப் போகிற தகுதி அப்போதே இருந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் சார் சொன்ன விளக்கம் இதுதான். எக்ஸ் என்பது ஒரு பெட்டி. உள்ளே 5 இருக்கிறது. அதை எடுத்து, ஒன்று கூட்டி, 6-ஐ அதே பெட்டியில் போடுகிறாய். பழைய 5? தூக்கிப் போட்டாயிற்று. எங்கே போயிற்று என்று கேட்கக் கூடாது.

அக்கா மகள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "எங்க தட்டுங்க பாப்போம்."

எக்ஸ் சமம் 5 என்று தட்டினேன். 5 என்று பவ்யமாகப் பதில் வந்தது. அடுத்து, எக்ஸ் சமம் எக்ஸ் பிளஸ் ஒன். எரர்! வலது பக்கத்து 6 பொருந்தவில்லையாம். எனக்குப் பரம சந்தோஷம். கணக்கு வாத்தியார் ஜெயித்துவிட்டார்!

"இதுல பெட்டியே கிடையாது மாமா. அஞ்சுங்கிறது ஒரு மதிப்பு. எக்ஸுங்கிறது அதுக்கு நாம வைக்கிற பேர். ஒரு தடவை முடிச்சு போட்டாச்சுன்னா அவ்வளவுதான், அவிழ்க்க முடியாது."

"யாருக்குடி முடிச்சு?" என்று உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. வீட்டில் இருபத்து மூன்று வயசில் பெண் இருந்தால் அம்மாக்களுக்குக் காது கூர்மையாகிவிடுகிறது.

"எக்ஸுக்கும்மா!"

"அது எந்த ஊருப் பையன்?"

*

ஃபங்ஷனல் ப்ரோகிராமிங் என்று இந்த முறைக்குப் பெயராம். 1930-களில் அமெரிக்காவில் அலோன்சோ சர்ச் என்ற கணித மேதை லாம்ப்டா கால்குலஸ் என்று ஒன்றை எழுதி வைத்தார். கம்ப்யூட்டர் என்று மெஷின் வருவதற்கு முன்னாலேயே. அந்த வழியில் 1958-ல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை ஆரம்பித்தார். அப்புறம் எம்.எல்., ஹாஸ்கெல் என்று வரிசையாக வந்தன. எர்லாங், ஸ்வீடனில் எரிக்ஸன் டெலிபோன் கம்பெனியில் 1986-ல் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் கூட்டாளிகளும் ஆரம்பித்தது. வாட்ஸ்அப்பின் சர்வர்கள் இதை வைத்துத்தான் வளர்ந்தன. காலையில் எழுந்ததும் பெரியப்பா அனுப்புகிற ரோஜாப்பூ குட்மார்னிங்குக்கு ஸ்வீடன்காரர்கள் மறைமுகப் பொறுப்பு.

"இதே குடும்பத்துல எலிக்ஸிர்னு ஒண்ணு இருக்கு மாமா. அதுல எக்ஸ் சமம் அஞ்சுன்னு போட்டுட்டு, அடுத்த வரியில எக்ஸ் சமம் ஆறுன்னு போடலாம். எரர் வராது."

"பார்த்தியா! அப்ப அது பெட்டிதானே?"

"இல்ல. அங்கதான் எல்லாரும் குழம்புவாங்க. அது பழைய எக்ஸை மாத்தறதில்ல. அதே பேர்ல புதுசா இன்னொரு முடிச்சு. பழைய முடிச்சை நம்பி எவனாவது எங்கேயாவது உக்காந்திருந்தான்னா, அவனுக்கு எக்ஸ் இன்னமும் அஞ்சுதான்."

எனக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "மாமா, உங்களுக்குப் பெரிய தாத்தா பேரைத்தானே வெச்சாங்க?"

ஆமாம். பேரன் என்றாலே பெயரன்தானே. நான் பிறப்பதற்கு முன்னால் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் எங்கள் தாத்தா திரும்பிப் பார்ப்பார். எனக்கு வைத்த பிறகு, வீட்டில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நான்தான் ஓடி வரவேண்டும். (பாட்டி மட்டும் கடைசி வரை கூப்பிடவில்லை. புருஷன் பேரைச் சொல்லி "ஏண்டா எருமை" என்று எப்படித் திட்டுவது? எனக்கு 'பெரியவரு' என்று பெயர் வைத்துத் திட்டினாள்.) அதற்காகத் தாத்தா நானாக மாறிவிட்டாரா என்ன? அவர் பாட்டுக்கு அவர். நான் பாட்டுக்கு நான். பெயர் மட்டும் இடம் மாறியது.

"1962-ல அவர் வாங்கின நிலத்துப் பத்திரத்துல அந்தப் பேர் இருக்கே, அது யாரு மாமா? நீங்களா?"

பளிச்சென்று புரிந்தது. புரிந்ததற்குக் காரணமும் இருக்கிறது. அந்தப் பத்திரத்தோடு நான் ஏற்கெனவே பட்டிருக்கிறேன்.

தாத்தா காலமான பிறகு பட்டா மாற்ற வேண்டியிருந்தது. தாலுகா ஆபீஸ் எதிரே டீக்கடையில், எல்லாம் தெரிந்த புரோக்கர் ஒருத்தர் மாட்டினார். காகிதத்தைப் பார்த்தார். என் பெயரைக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"சார், உங்களுக்கு மாத்தற செலவே இல்ல. பட்டா உங்க பேர்லதானே இருக்கு? இனிஷியலை எவன் சார் பாக்கறான்? அப்படியே வுட்டுடுங்க."

ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நிமிஷம். பக்கத்தில் இருந்த அப்பா டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தப் பேரு எங்கப்பாவோடது. எங்கப்பாவுக்கு நாலு பிள்ளைங்க. ரெண்டு பொண்ணு, ரெண்டு பையன்."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. நாலு பேர் கையெழுத்தும் வாங்கித்தான் வேலை நடந்தது. அத்தைகளுக்கு உரிய பங்கு அத்தைகளுக்குப் போயிற்று. பெயர் ஒன்றுதான் என்பதற்காக ஆளை மாற்றி வைத்திருந்தால், இரண்டு குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்திருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. பட்டா மாறுதலுக்கு வடக்கே பல மாநிலங்களில் என்ன பெயர் தெரியுமா? மியூடேஷன்! கம்ப்யூட்டர்காரர்கள் பெட்டிக்குள் இருப்பதை அழித்து மாற்றுவதற்கு வைத்திருக்கிற அதே வார்த்தை. பட்டாவில் இன்றைக்கு யார் பெயர் என்பதுதான் கண்ணுக்குத் தெரியும். பத்திரம் அப்படி இல்லை. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான். சர்வே நம்பரில் ஒரு எழுத்து தப்பாக விழுந்தால்கூட, ஒயிட்னர் போட்டு அழிக்க விடமாட்டார்கள். பிழைத்திருத்தல் பத்திரம் என்று புதிதாக ஒன்று எழுதிப் பதிய வேண்டும். பழைய தப்பும் அங்கேயே இருக்கும், புதிய திருத்தமும் இருக்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் வரிசையாக வந்து நிற்கும்.

*

"எல்லாம் சரி பாப்பா. இப்படிக் கையைக் கட்டிப் போட்டுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படணும்? பெட்டியில போட்டோமா, எடுத்தோமான்னு இருக்கக் கூடாதா?"

"ஒரே ஆள், ஒரே பெட்டின்னா ஒண்ணும் இல்ல மாமா. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான கால் போகும். எல்லாரும் ஒரே பெட்டியில கை வெச்சா? இப்ப பாருங்க. பெட்டியில 2,700 இருக்கு. நீங்க அதைப் பார்த்துட்டுப் போறீங்க. நானும் பார்த்துட்டுப் போறேன். நான் எண்ணூறைக் கழிச்சு 1,900-னு எழுதறேன். அது தெரியாம, நீங்க உங்ககிட்ட இருக்கிற பழைய 2,700-ஐ வெச்சு இருநூறைக் கழிச்சு, என் 1,900 மேலயே 2,500-னு எழுதறீங்க. இப்ப என்னோட எண்ணூறு எங்க போச்சு?"

நான் பதில் சொல்லவில்லை.

"போயே போச்சு மாமா! தேடினாலும் கிடைக்காது. ஏன்னா அது இருந்ததுக்கே தடயம் இல்ல. இதுக்கு லாஸ்ட் அப்டேட்னு பேர்."

அவள் சும்மா வாய்க்கு வந்த எண்ணாகத்தான் எண்ணூறு என்று சொன்னாள். என் வயிற்றில் என்னமோ புரண்டது. "கொஞ்சம் இரு பாப்பா, வெத்தல வாங்கிட்டு வரேன்" என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன். எனக்கு வெற்றிலை போடுகிற பழக்கமே கிடையாது.

*

2011. பி.காம். முடித்து, இரண்டு அரியரோடு சும்மா திரிந்துகொண்டிருந்த சமயம். மரக்காணத்தில் ஒரு உப்பளத்தில் கணக்கு எழுதக் கூப்பிட்டார்கள்.

உப்பளத்தை நீங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் துண்டுகளை அடுக்கினாற்போல் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். கடல் தண்ணீர் வரும்போது டிகிரி மானியில் மூன்று டிகிரி காட்டும். அதைப் பாத்தி விட்டுப் பாத்தி மாற்றி மாற்றி வெயிலில் காய விடுவார்கள். இருபத்தைந்து டிகிரிக்கு வரும்போது அடியில் உப்பு கட்டும். முப்பதைத் தொடுவதற்கு முன்னால் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு கசக்கும். கால் வெடிக்கிற வெயிலில், பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வாரி, தலையில் சுமந்து வரப்பில் கொட்டுகிற வேலை. பெரும்பாலும் பெண்கள்.

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் அக்டோபரிலிருந்து வேலை இல்லை. அடுப்பு எரிய வேண்டுமே? முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்குவார்கள். சீசன் ஆரம்பித்ததும் சனிக்கிழமைக் கூலியில் இருநூறு, முன்னூறு என்று பிடிப்பார்கள். (மழைக்கால நிவாரணமாக அரசாங்கம் 5,000 ரூபாய் தருவதெல்லாம் 2022-ல்தான் வந்தது.) ஆகவே அளத்தில் கணக்கு என்றால் முக்கியமாக ஒரே கேள்விதான்: பாக்கி எவ்வளவு?

எனக்கு முன்னால் அந்தக் கணக்கை எழுதியவர் ஒரு கணக்குப்பிள்ளை தாத்தா. நீள நோட்டு. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். கொடுத்தது ஒரு வரி, பிடித்தது ஒரு வரி. தப்பாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, கீழே சரியாக எழுதுவார். நான் முதல் நாள் ரப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனபோது, ஏதோ திருட்டுச் சாமானைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தம்பி, அடிச்சா, அடிச்சது படிக்கிற மாதிரி அடிக்கணும்" என்றார்.

நான் மனசுக்குள் சிரித்தேன். நாம் யார்? பி.காம்! கம்ப்யூட்டர் கோர்ஸ்! ஒரே மாசத்தில் அறுபது பேர் கணக்கையும் எக்ஸெல்லில் ஏற்றினேன். ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர், பாக்கி. தீர்ந்தது. சனிக்கிழமை இருநூறு பிடித்தால் 2,700 இருந்த இடத்தில் 2,500 என்று தட்டுவேன். என்ன சுத்தம்! என்ன அழகு! முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்த வருஷமே தாத்தாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீள நோட்டு பரணுக்குப் போயிற்று. அங்கிருந்து கரையானுக்குப் போயிற்று.

கொட்டகையில் ஒரு கம்ப்யூட்டர். என் வீட்டில் ஒன்று. நடுவில் ஒரு பென்டிரைவ். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து கொஞ்சம் வேலை, பகலில் கொட்டகையில் கொஞ்சம் வேலை. வீட்டு ஃபைலைக் கொண்டுபோய்க் கொட்டகையில் போடும்போது, 'இதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றிவிடலாமா?' என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்கும். நான் 'யெஸ்' தட்டுவேன். எத்தனை 'யெஸ்' தட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சீசன் முடிகிற சமயம். கணக்குத் தீர்க்கிற நாள். எங்கள் தெருவிலிருந்து வேலைக்கு வருகிற ஒரு அம்மா. எனக்கு முறைக்கு அத்தை. சின்ன வயசில் என்னை இடுப்பில் வைத்துத் திரிந்தவர்.

"அத்தை, உங்க பாக்கி எண்ணூறு."

"எனக்கா? ஒண்ணும் இல்லியே தம்பி. சித்திரையில சீட்டு எடுத்தப்போ எண்ணூறு மொத்தமா குடுத்தேனே. உன் கையிலதான் குடுத்தேன். நீகூடப் பொட்டியில தட்டினியே?"

சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. அறுபது பேர், ஆறேழு மாசம். திரையைப் பார்த்தேன். 800 என்று கருப்பு எழுத்தில் இருந்தது. அதற்கு முன்னால் அந்தக் கட்டத்தில் என்ன இருந்தது, அதற்கும் முன்னால் என்ன இருந்தது என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. சொல்லத் தெரியாதபடி செய்தவன் நான்தான்.

கல்லாவில் எண்ணூறு அதிகமாக இருந்திருக்குமே என்று வர்த்தகம் படித்தவர்கள் கேட்பீர்கள். நியாயம். கல்லாவையும் நான் அப்படித்தான் எழுதினேன். கையில் இருப்பதை எண்ணி, அதையே கட்டத்தில் தட்டினேன். இரட்டைப் பதிவு முறையை மூன்று வருஷம் படித்தவன்!

முதலாளி கேட்டார்: "ஏம்மா, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

கொட்டகையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் திரையைப் பார்த்தேன். "சிஸ்டத்துல இப்படித்தான் இருக்கு" என்றேன். பிற்பாடு எத்தனையோ கவுன்ட்டர்களில் இந்த வாக்கியத்தைக் கேட்டு எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கிறது. முதலில் சொன்னவன் நானாகவே இருக்கக்கூடும்.

அத்தை சண்டை போடவில்லை. அடுத்த சீசனில் நாலு சனிக்கிழமை, இருநூறு இருநூறாகப் பிடித்தோம். கடைசி இருநூறு பிடித்த அன்றைக்கு மட்டும், முந்தானையில் காசை முடிந்துகொண்டே சொன்னார்:

"நோட்டா இருந்தா ஒரு வரியாவது இருந்திருக்கும் தம்பி."

*

வெற்றிலை வாங்காமலே திரும்பி வந்தேன். அக்கா மகளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்டேன்.

"எதையுமே அழிக்காம வெச்சுக்கிட்டிருந்தா, ஒவ்வொரு மாத்தத்துக்கும் புது நோட்டு போட்டு முதல்லேர்ந்து எழுதணுமே? மெமரி தாங்குமா?"

"முழுசா எழுத வேண்டாம் மாமா. பழைய பக்கங்கள் எப்படியும் மாறப் போறதில்ல. அதனால புதுசும் பழசும் அதையே பங்கு போட்டுக்கும். புது வரி மட்டும் சேர்ப்போம். யாரும் கண்டுக்காத பழைய பக்கத்தைக் குப்பைன்னு கம்ப்யூட்டரே கூட்டித் தள்ளிடும். ஆனா கொஞ்சம் செலவுதான். படம், கேம் மாதிரி வேகம் வேணும்கிற இடத்துல அழிச்சு எழுதறதுதான் சரி. அழிக்கறது பாவம் இல்ல. எங்க அழிக்கலாம், எங்க அழிக்கக் கூடாதுன்னு தெரியணும். அவ்வளவுதான்."

முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்தது என்று நோட்டின் முதல் வரியில் கணக்குப்பிள்ளை தாத்தா எழுதுவாரே, அதேதான். அவர் லாம்ப்டா கால்குலஸ் படித்தவர் இல்லை. எட்டாங்கிளாஸ். 1494-ல் வெனிஸில் லூக்கா பாச்சோலி என்ற துறவி இரட்டைப் பதிவு முறையை அச்சுப் புத்தகத்தில் போட்டாரே, அதையும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் எழுதினதை அழித்தால் நாளைக்கு ஒரு ஏழையின் வாய் அடைபட்டுப் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சர்க்கார்கூட இதைச் சட்டமாகவே போட்டிருக்கிறது. கம்பெனிகள் பயன்படுத்துகிற கணக்கு சாஃப்ட்வேரில், யார் எதை என்றைக்கு மாற்றினாலும் அதன் தடம் தேதியோடு பதிவாக வேண்டும், அந்த வசதியை யாரும் அணைத்து வைக்கவும் முடியாதபடி இருக்கவேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி. அடித்தாலும் படிக்கிற மாதிரி அடி!

இன்னும் ஒரு அநியாயம் கேளுங்கள். நான் குறை சொல்லிக்கொண்டிருக்கிற எக்ஸெல் இருக்கிறதே, அது நிஜத்தில் ஃபங்ஷனல் ஜாதியாம். நம்பிக்கை இல்லாவிட்டால் நாளைக்கு ஆபீஸில் ஏ1 கட்டத்துக்குள் போய், சமம் ஏ1 பிளஸ் ஒன் என்று ஃபார்முலா போட்டுப் பாருங்கள். வட்டமடிக்கிறது என்று சத்தம் போடும். கணக்கு வாத்தியாரேதான்! ஃபார்முலாவாகப் போட்டிருந்தால், கொடுத்தது ஒரு பக்கம், பிடித்தது ஒரு பக்கம், கூட்டிக் கழித்தது மூன்றாவது பக்கம் என்று எல்லா வரியும் அப்படியே நின்றிருக்கும். பாக்கி என்பது தட்டுகிற எண்ணே இல்லை. வரிகளிலிருந்து பிறக்கிற எண். நான்தான் அதைச் சிலேட்டாக்கி, எச்சில் தொட்டு அழித்து அழித்து எழுதினேன்.

*

காணும் பொங்கல் அன்றைக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். இப்போது அளத்துக்குப் போவதில்லை. முழங்கால் போய்விட்டது. வாசலில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார்.

எப்படி ஆரம்பிப்பது? ஃபைலை மாற்றவா என்று கேட்டது, யெஸ் தட்டினேன் என்றா? சுற்றி வளைத்து ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அன்றைக்கு நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள், எழுதியும் இருக்கிறேன், பழைய ஃபைலை மேலே போட்டு நானே அழித்திருக்கிறேன், அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை, ஆனால் தப்பு என்னுடையது.

அத்தை புளியங்கொட்டையைத் தனியாக ஒதுக்கினார். "நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். அவ்வளவுதான். பதினைந்து வருஷமாக நான் மறந்திருந்த ஒன்றை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை என்று அந்தக் குரலில் தெரிந்தது.

பஸ் ஸ்டாப் ஏ.டி.எம்.மில் எடுத்து, கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்த எண்ணூறு ரூபாயை நீட்டினேன். வட்டி போடலாமா, போட்டால் தனிவட்டியா கூட்டுவட்டியா என்றெல்லாம் வழியில் யோசித்திருந்தேன். வாங்கி, எண்ணிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இன்னா தம்பி, எண்ணூறு இருக்குது?"

"ஆமா அத்தை. எண்ணூறுதானே?"

"ஆயிரம்டா!"

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். எண்ணூறுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியுமா? பதினைந்து வருஷத்தில் யார் தலைக்குள் எது மேல் எது எழுதப்பட்டது என்று யார் கண்டது? வாதாடுவதற்கு என்னிடம் ஒரு வரி இல்லை. அந்த வரியை அழித்தவனுக்கு வாதாட வாயும் இல்லை.

பாக்கெட்டிலிருந்து இன்னொரு இருநூறு எடுத்துக் கொடுத்தேன்.

அத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு உள்ளே பார்த்து, பேத்தியின் ஸ்கூல் நோட்டையும் பேனாவையும் கொண்டுவரச் சொன்னார்.

"ஆயிரம் ரூபா குடுத்துத் தீர்த்தாச்சுன்னு எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போ. நாளைக்கு நீ இன்னும் பாக்கின்னு வந்து நிப்பே."

எழுதினேன். பதற்றத்தில் தேதி தப்பாக விழுந்துவிட்டது. ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, கீழே சரியான தேதியை எழுதிக் கொடுத்தேன்.

அடித்தது நன்றாகவே படிக்க முடிந்தது.